வயதானவர்கள் மருத்துவக் காப்பீட்டுக்கு அதிகம் கட்ட வேண்டுமா?

மருத்துவக் காப்பீட்டில் வயதானவர்களிடம் கூடுதல் பிரீமியம் வாங்குவது நியாயமா? சிகரெட் பிடிப்பவரிடம் அதிகம் வாங்குகிறார்களே, அதைப் போலத்தானே இதுவும்? அப்படி வாங்கக் கூடாது என்றால் அவர்களுடைய செலவை இளைஞர்கள் ஏன் சுமக்க வேண்டும்? இந்த மூன்று கேள்விகளும் எப்போதும் சேர்ந்தேதான் வருகின்றன. சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் சுருக்கம். காப்பீட்டில் சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம் என்று விட்டிருக்கும் இடத்தில் வயதானவர்கள் ஓரளவு அதிகம் கட்டத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்ல வேண்டும். எல்லோரும் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற இடத்தில் வயதைப் பார்த்து விலை வைக்க எனக்குத் தெரிந்து நல்ல காரணம் எதுவும் இல்லை. அங்கே வருமானத்தைப் பார்க்கலாம். இந்த இரண்டு இடங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த வாதம் முடிவதே இல்லை.

இனி விவரம். வயது ஏற ஏற மருத்துவச் செலவு ஏறும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் எப்படி ஏறுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிறந்த முதல் வருடத்தில் செலவு அதிகம். அப்புறம் சட்டென்று இறங்கி, பள்ளி வயதில் அடிமட்டத்தில் இருக்கும். பெண்களுக்குப் பிள்ளைப்பேற்று வயதில் ஒருமுறை உயரும். ஐம்பதுக்கு மேல் இரு பாலருக்கும் வேகம் பிடிக்கும். அமெரிக்காவில் 21 வயதுக்காரரோடு ஒப்பிட்டால் 64 வயதுக்காரரின் சராசரிச் செலவு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்பது அங்கே பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

இதில் 'சராசரி' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே அமெரிக்காவில் ஒரு வருடத்தின் மொத்த மருத்துவச் செலவில் ஏறக்குறைய பாதி, மக்கள்தொகையில் 5 சதவீதம் பேருக்காக ஆகிறது. அதாவது எழுபது வயதுக்காரர்கள் நூறு பேரை எடுத்தால், நூறு பேரும் அதிகம் செலவு வைப்பதில்லை. சிலர் மிக மிக அதிகம் வைக்கிறார்கள், பலர் மாத்திரைச் செலவோடு நிற்கிறார்கள். 1999இல் பீட்டர் ஸ்வைஃபெல் உள்ளிட்ட மூன்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். செலவைத் தீர்மானிப்பதில் பிறந்து எத்தனை வருடம் ஆயிற்று என்பதைவிட, இறப்புக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்பது முக்கியம் என்பது அவர்களுடைய வாதம். கடைசி மாதங்களில்தான் பெரும் செலவு குவிகிறது. வயதானவர்களில் அந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் அதிகம் என்பதால் வயதே காரணம்போலத் தெரிகிறது. பிற்பாடு வந்த ஆய்வுகள் இதைக் கொஞ்சம் திருத்தின. முதியோர் பராமரிப்புச் செலவுக்கு இந்த வாதம் அவ்வளவாகப் பொருந்தாது என்பது அவற்றில் ஒன்று. ஆனாலும் மையக் கருத்து நிற்கிறது. வயது என்பது காப்பீட்டு நிறுவனத்துக்கு எளிதில் கிடைக்கும் ஒரு அடையாளம். பிறந்த தேதியைக் கேட்டால் போதும், பரிசோதனை எதுவும் வேண்டாம்.

சரி, எளிதான அடையாளம் என்பதற்காக அதைத் தூக்கிப் போட்டுவிட முடியுமா? முடியாது. இங்கேதான் காப்பீட்டு நிறுவனங்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு திட்டத்தில் நூறு இளைஞர்கள், நூறு முதியவர்கள். இளைஞருக்கு ஆண்டுச் செலவு சராசரியாக 10, முதியவருக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் ஒரே விலை என்றால் ஆளுக்கு 25 வரும். தன் செலவு 10தான் என்று தெரிந்த இளைஞர்களில் பாதிப் பேர், 'அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விலகுகிறார்கள். மீதமுள்ள 150 பேரின் மொத்தச் செலவு 4,500. இப்போது ஆளுக்கு 30. இதைப் பார்த்ததும் மீதி ஐம்பது இளைஞர்களும் போய்விடுவார்கள். கடைசியில் முதியவர்கள் மட்டும் 40 கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே விலையால் அவர்களுக்குக் கிடைத்த சலுகை இரண்டு சுற்றில் காணாமல் போயிற்று. முதியவர்களிலும் திடமாக இருப்பவர்கள் அப்போது விலக ஆரம்பிப்பார்கள் என்பது அடுத்த கட்டம்.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. நியூயார்க் மாநிலம் 1993இல் வயது, உடல்நிலை எதையும் பார்க்காமல் ஒரே விலையில் விற்க வேண்டும், யார் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. ஆனால் யாரும் சேர்ந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. தனிநபர்கள் வாங்கும் காப்பீட்டுச் சந்தை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது, விலை நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்றாக ஆனது. பிறகு, 2010இல் இயற்றிய அமெரிக்க மத்தியச் சட்டம் 2014 முதல் காப்பீட்டைக் கட்டாயமாக்கி மானியமும் தரப்போகிறது என்ற நிலையில், புதிய விலைகள் பாதியாகக் குறையும் என்று 2013இல் அந்த மாநிலமே அறிவித்தது. வயதைப் பார்க்காத ஒரே விலை விதி அப்படியே இருந்தது. ஆரோக்கியமானவர்களும் உள்ளே வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு ஒன்றுதான் புதிது.

ஆக, கட்டாயம் இல்லாமல் ஒரே விலை வைத்தால் முதியவர்களுக்கு உதவுவதாக நினைத்து அவர்களையே கவிழ்க்கிறோம். இதை ஒத்துக்கொள்ளாமல் 'பெரியவர்களிடம் அதிகம் வாங்குவதா, அநியாயம்' என்று மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் சிகரெட் உதாரணம் தவறு. சிகரெட்டை விடலாம், வயதை விட முடியாது என்பது எல்லோரும் சொல்லும் பதில். அது சரிதான், ஆனால் போதாது. பரம்பரை நோயையும் விட முடியாது, பாலினத்தையும் மாற்றிக்கொண்டு பிரீமியத்தைக் குறைக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2011 மார்ச்சில் ஆண், பெண் என்று பார்த்துக் காப்பீட்டு விலை வைப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2012 டிசம்பர் 21 முதல் புதிய பாலிசிகளில் அது நடைமுறைக்கு வந்தது. வயதுக்கு அப்படி ஒரு தடை வரவில்லை. அமெரிக்கச் சட்டமும் பாலினத்தைப் பார்க்கக் கூடாது என்கிறது, வயதை ஓர் எல்லைக்குள் அனுமதிக்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பெண்ணிடம் அதிகம் வாங்கினால், ஒரு கூட்டம் வாழ்நாள் முழுக்க அதிகம் கட்டும், இன்னொரு கூட்டம் வாழ்நாள் முழுக்கக் குறைவாகக் கட்டும். வயது அப்படி இல்லை. இளைஞர், முதியவர் என்று இரண்டு இனங்கள் கிடையாது. இன்று 25இல் குறைவாகக் கட்டுபவர்தான் 65இல் அதிகம் கட்டப்போகிறார். வயதுக்கேற்ற விலை எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுகிறது, முறை வரும்போது. இது வயதுவாரி விலைக்குச் சாதகமான வாதம். வேடிக்கை என்னவென்றால், எதிர்த்தரப்புக்கும் இதே வாதம்தான் பயன்படும். எல்லோரும் இரண்டு கட்டத்தையும் கடக்கிறோம் என்றால் 25இல் கொஞ்சம் கூடக் கட்டி 65இல் கொஞ்சம் குறைத்துக் கட்டினாலும் மொத்தம் ஒன்றுதானே? சம்பாதிக்கும் காலத்தில் கட்டுவது எளிது, ஓய்வுக்குப் பின் கட்டுவது கடினம். அப்படியானால் பாரத்தை முன்னால் தள்ளுவதுதானே புத்திசாலித்தனம்?

ஆகவே என் பார்வையில் 'முதியவர் அதிகம் கட்ட வேண்டுமா' என்பதைவிட 'முதுமையின் செலவை வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் கட்டுவது' என்பதே சரியான கேள்வி. இதற்கு வெவ்வேறு நாடுகள் செய்து பார்த்திருப்பவை சுவையானவை.

ஜெர்மனியில் தனியார் காப்பீடு எடுப்பவர்கள் இளமையில் தங்கள் உண்மையான செலவைவிட அதிகமாகக் கட்டுகிறார்கள். மிச்சம் முதுமைக்கான சேமிப்பு நிதியாகப் போகிறது. அதுவும் போதவில்லை என்று 2000ஆம் ஆண்டு முதல் 60 வயது வரை 10 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 65க்கு மேல் பிரீமியம் ஏறுவதை மட்டுப்படுத்த அந்தப் பணம் பயன்படும். கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. அந்த நிதி நிறுவனத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிறுவனம் மாறினால் முன்பெல்லாம் அத்தனையும் போய்விடும். 2009இல் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு ஒரு பகுதியைத்தான் கையோடு எடுத்துப்போக முடிகிறது. இத்தனை வருடம் கட்டிய பிறகு சேவை பிடிக்கவில்லை என்று எங்கே போவது? தவிர, 55 வயதைக் கடந்துவிட்டால், வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்கும் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்பும் கதவு பெரும்பாலும் மூடிவிடும். இளமையில் விலை குறைவு என்று தனியாருக்குப் போனவர்கள் ஓய்வுக்காலத்தில் திணறுவது அங்கே நெடுநாள் புலம்பல்.

சிங்கப்பூரில் 2015 நவம்பரில் வந்த மெடிஷீல்டு லைஃப் என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டம் வயதுவாரி விலை கொண்டது, ஆனால் எல்லோருக்கும் கட்டாயம், வாழ்நாள் முழுக்கத் தொடரும், ஏற்கெனவே நோய் இருந்தாலும் சேர்த்துக்கொள்ளும். வேலை செய்யும் வயதில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி, முதுமையில் அதைத் தள்ளுபடியாகப் பெறும்படி அமைத்திருக்கிறார்கள். மூத்த தலைமுறைக்கு அரசு மானியம் தனி. நிறுவனம் மாறினால் நிதி போய்விடுமோ என்ற ஜெர்மானியக் கவலை இங்கே இல்லை, ஏனென்றால் திட்டமே ஒன்றுதான்.

விருப்பப்பட்டால் எடுக்கும் காப்பீட்டுக்கு எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஆஸ்திரேலியாவுடையது. அங்கே அடிப்படை மருத்துவம் அரசுடையது, தனியார் காப்பீடு அதற்கு மேல் விருப்பமாக எடுப்பது. ஒரே பாலிசிக்கு வயதைப் பார்த்து விலை வைக்கக் கூடாது. ஆனால் 2000 ஜூலை முதல் ஒரு விதி: முப்பது வயதைத் தாண்டியும் மருத்துவமனைக் காப்பீடு எடுக்காமல் இருந்தால், தாமதிக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 2 சதவீதம் கூடுதல். நாற்பதில் சேர்ந்தால் 20 சதவீதம். உச்சம் 70 சதவீதம். பத்து ஆண்டுகள் தொடர்ந்து கட்டினால் அந்தக் கூடுதல் நீங்கிவிடும். அயர்லாந்து 2015 மே மாதத்தில் 35 வயதிலிருந்து தொடங்கும் இதே மாதிரியான விதியைக் கொண்டுவந்தது. அங்கேயும் ஆண்டுக்கு 2 சதவீதம், அங்கேயும் 70 சதவீத உச்சம்.

இதில் இருக்கும் நுட்பத்தைப் பாருங்கள். இந்த விதி முதுமைக்கு அபராதம் போடவில்லை. தேவை வரும்வரை வெளியே நின்று, தேவை வந்ததும் ஓடிவருவதற்குத்தான் அபராதம் போடுகிறது. நான் மேலே போட்ட கணக்கில் இளைஞர்கள் ஏன் விலகினார்கள்? பின்னால் வந்து சேர்ந்தாலும் அதே விலைதானே என்பதால். அந்த எண்ணத்தைத்தான் இது வெட்டுகிறது. முப்பதில் சேர்ந்து எண்பது வரை இருப்பவர் எண்பதிலும் முப்பது வயதுக்காரர் கட்டும் விலையையே கட்டுவார். இதுவும் முழு மருந்து இல்லை, அங்கேயும் இளைஞர்கள் வெளியேறத்தான் செய்கிறார்கள். அதனால்தான் 2019 ஏப்ரலிலிருந்து 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 10 சதவீதம் வரை தள்ளுபடி தர நிறுவனங்களை அனுமதித்தார்கள். ஆனாலும் முதியவரைத் தண்டிக்காமல் திட்டத்தைத் தாங்கிப் பிடிக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

கட்டாயக் காப்பீடு உள்ள நாடுகளுக்கு வருவோம். ஜெர்மனியின் பொதுக் காப்பீட்டில் அடிப்படைக் கட்டணம் வருமானத்தில் 14.6 சதவீதம், அதற்கு மேல் ஒரு சிறு கூடுதல். வேலையில் இருப்பவருக்கு அதில் பாதியை முதலாளி தருவார், ஓய்வூதியக்காரருக்குப் பாதியை ஓய்வூதிய நிதி தரும். வயது கணக்கிலேயே வராது. சுவிட்சர்லாந்தில் 1996 முதல் காப்பீடு எல்லோருக்கும் கட்டாயம். 26 வயதானதும், ஒரே நிறுவனத்தில் ஒரே வட்டாரத்தில் ஒரே திட்டத்துக்கு ஒரே விலை. 26க்கும் 96க்கும் வேறுபாடு இல்லை. நெதர்லாந்தில் 2006 முதல் பெரியவர்களுக்கு இதே போலத்தான்.

இங்கே அதிகம் பேசப்படாத ஒரு பாகம் உண்டு. ஒரே விலை என்று சட்டம் போட்டால் மட்டும் போதாது. 40 செலவு வைக்கும் முதியவரும் 10 செலவு வைக்கும் இளைஞரும் ஒரே 25ஐத் தருகிறார்கள் என்றால், நிறுவனம் யாரை விரும்பும்? முதியவரைச் சட்டப்படி மறுக்க முடியாதுதான். ஆனால் தொலைபேசியை எடுக்காமல் இருக்கலாம், நல்ல இதயநோய் மருத்துவரைப் பட்டியலில் சேர்க்காமல் இருக்கலாம், விளம்பரத்தை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டும் வைக்கலாம். இதைத் தடுக்கத்தான் நெதர்லாந்தும் சுவிட்சர்லாந்தும் நிறுவனங்களுக்கு இடையே இடர் சமன்படுத்தும் நிதி வைத்திருக்கின்றன. இளையவர்கள் அதிகம் இருக்கும் நிறுவனத்தின் பணம் முதியவர்கள், நோயாளிகள் அதிகம் இருக்கும் நிறுவனத்துக்குப் போகும். இந்தக் குழாய்வேலை சரியாக இல்லாத ஒரே விலைச் சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

அமெரிக்கா நடுவழியில் நிற்கிறது. மேலே சொன்ன 2010 மத்தியச் சட்டப்படி தனிநபர் காப்பீட்டில் முதியவர் கட்டும் விலை 21 வயதுக்காரரின் விலையைப்போல மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது. உண்மையான செலவு ஐந்து மடங்கு என்று சொன்னேன் அல்லவா, அந்த வித்தியாசத்தை இளையவர்கள் தாங்குகிறார்கள். மானியம் வருமானத்தைப் பொறுத்தது என்பதால் குறைந்த வருமானமுள்ள முதியவருக்கு அது அதிகம் கிடைக்கும். 2017இல் இந்த மூன்றை ஐந்தாக்கி, மானியத்தையும் மாற்றி ஒரு மசோதா வந்தது. நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் அதன் முதல் வடிவத்தைக் கணக்குப் போட்டது. ஆண்டு வருமானம் 26,500 டாலர் உள்ள 64 வயதுக்காரர், மானியம் போக, பழைய சட்டத்தில் 1,700 டாலர் கட்டுவார், புதியதில் 14,600 டாலர் கட்டுவார் என்றது. வருமானத்தில் பாதிக்கு மேல்! மசோதா செனட்டைத் தாண்டவில்லை. 'உண்மைச் செலவை அப்படியே விலையாக வைத்தால் என்ன' என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஒரு எண்ணைத்தான் காட்டுவேன். அந்த விலை நியாயமா என்பதற்கு முன்னால், கட்டக்கூடியதா என்று பார்க்க வேண்டும்.

அதே அமெரிக்கா 65 வயதானவர்களுக்கு என்ன செய்கிறது தெரியுமா? அவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் மருத்துவர் கட்டணப் பிரிவில் 65 வயதுக்காரருக்கும் 90 வயதுக்காரருக்கும் பிரீமியம் ஒன்றுதான். அதிக வருமானம் உள்ளவர் கூடுதலாகக் கட்டுவார். தகுதி வந்தும் சேராமல் தாமதித்தவருக்கு, தள்ளிப்போட்ட ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் 10 சதவீதம் அபராதம். வயதுவாரி விலைக்குப் பேர்போன நாடே, செலவு உச்சத்தில் இருக்கும் வயதில் வயதைப் பார்ப்பதை விட்டுவிட்டு வருமானத்தையும் தாமதத்தையும் பார்க்கிறது.

இப்போது இளைஞர்களின் குறை. இதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. 'நீயும் ஒருநாள் கிழவனாவாய்' என்ற பதில் பாதிதான் சரி. மக்கள்தொகையில் முதியவர்கள் பங்கு கூடிக்கொண்டே போகும் நாட்டில், இன்றைய முப்பது வயதுக்காரர் தன் பெற்றோர் தலைமுறை அந்த வயதில் தாங்கியதைவிட அதிகம் தாங்குகிறார். அவர் எழுபதைத் தொடும்போது அவருக்குத் தாங்க அத்தனை பேர் இருக்க மாட்டார்கள். ஜப்பான் இதைப் படிப்படியாக அனுபவித்தது. 1973இல் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவத்தை இலவசமாக்கினார்கள், பத்தே ஆண்டில், 1983இல், கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2008இல் 75 வயதானவர்களுக்கென்று தனித் திட்டமே தொடங்கினார்கள். அதன் செலவில் ஏறத்தாழ பாதி வரிப்பணம், நாற்பது சதவீதம் உழைக்கும் தலைமுறையின் காப்பீடுகளிலிருந்து, பத்து சதவீதம் முதியவர்களின் பிரீமியம். சிகிச்சையின்போது கையிலிருந்து கட்டும் பங்கு சாதாரணமாக 10 சதவீதம். நல்ல வருமானம் உள்ளவருக்கு 30. இரண்டுக்கும் நடுவே 2022 அக்டோபரில் 20 சதவீதம் என்ற ஒரு படி சேர்ந்தது.

முதியவர் எல்லோரும் ஏழைகள் என்ற எண்ணத்தை ஜப்பான் கைவிட்டது என்று இதைப் படிக்கலாம். அது சரியான திசை. சொந்த வீடும் சேமிப்பும் வாடகை வருமானமும் உள்ள எழுபது வயதுக்காரருக்காக, கடன் கட்டிக்கொண்டிருக்கும் இருபத்தைந்து வயதுக்காரர் ஏன் கட்ட வேண்டும்? இன்னொரு பக்கமும் உண்டு. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வருமானத்தில் மேல் 1 சதவீத ஆண்களுக்கும் கீழ் 1 சதவீத ஆண்களுக்கும் ஆயுள் வித்தியாசம் ஏறத்தாழ 15 ஆண்டுகள் என்று தெரிந்தது. அப்படியென்றால் வயது பாராத ஒரே விலைத் திட்டத்தில், இளமையில் கட்டிவிட்டு முதுமையைக் காணாமலே போகும் ஏழையின் பணம், தொண்ணூறு வரை வாழும் வசதியானவருக்குப் போய்ச் சேர வாய்ப்பு இருக்கிறது. எல்லோரும் இரண்டு கட்டத்தையும் கடக்கிறோம் என்று மேலே சொன்ன வாதத்தின் ஓட்டை இதுதான். வருமானத்தோடு கட்டணத்தைப் பிணைத்தால்தான் அந்த ஓட்டை அடைபடும்.

இந்தியாவில் காப்பீடு விருப்பம், விலை வயதுவாரி. 60 வயதானவர்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. நல்லதுதான். ஆனால் ஆண்டுக்கு 10 சதவீதம் என்பது எட்டாவது ஆண்டுக்குள் இரட்டிப்பாகும் வேகம். ஓய்வூதியம் அந்த வேகத்தில் ஏறாது. 2024 அக்டோபரில், 70 வயதான எல்லோருக்கும் வருமானம் பாராமல் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கும் திட்டம் தொடங்கியது. மேல்முனையை அரசு பிடித்துக்கொள்கிறது, இடையில் இருக்கும் 60 முதல் 70 வரையிலானவர்கள்தான் நெருக்கடியில். அமெரிக்காவிலும் 65க்குச் சற்று முந்தைய வயதினர்தான் அதிகம் அடிவாங்குகிறார்கள். வேலை போயிருக்கும், அரசுத் திட்டம் வந்திருக்காது.

பிரீமியத்தை மட்டும் பார்த்து முதியவர் அதிகம் கட்டுகிறாரா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரீமியம் ஒன்றாக இருந்து, குறிப்பிட்ட வயதுக்கு மேல் ஒவ்வொரு க்ளெய்மிலும் 20 சதவீதம் நீங்களே கட்ட வேண்டும் என்றிருந்தால் அதுவும் வயதுக்கான விலைதான். கண்புரை, மூட்டு மாற்று போன்ற முதுமை சார்ந்த சிகிச்சைகளுக்கு மட்டும் உச்சவரம்பு வைப்பதும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைப்பதும் அப்படியே. விலை உயர்வுக்குக் கூச்சல் எழும், இவற்றுக்கு எழாது. பிரீமியத்துக்கு மட்டும் வரம்பு போட்டால் நிறுவனங்கள் இந்தப் பக்கம் திரும்பும் என்பது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

ஒரு விதியை எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன். கட்டாயத் திட்டம் சாத்தியம் என்றால் வயதை மறந்துவிட்டு வருமானத்தைப் பார்க்க வேண்டும், நிறுவனங்களுக்கு இடையே இடர் சமன் நிதி வைக்க வேண்டும். சாத்தியம் இல்லை என்றால் மூத்தவரின் விலை இளையவருடையதைப்போல இரண்டு அல்லது மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது, சிறு வயதிலிருந்து விடாமல் கட்டியவருக்கு அந்த உயர்வும் குறைய வேண்டும், தாமதமாகச் சேர்பவர் கூடுதலைக் கட்டட்டும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வயதானார் என்பதற்காகவோ போன வருடம் க்ளெய்ம் வாங்கினார் என்பதற்காகவோ ஒருவருடைய பாலிசியைப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது. முப்பது வருடம் கட்டியவரை எழுபதில் வெளியே அனுப்ப முடிகிற திட்டத்தில், அதுவரை அவர் கட்டிய விலை குறைவா அதிகமா என்று கணக்குப் பார்ப்பதில் பயனே இல்லை.